எழுத்து தெரியும், வாசிக்கத் தெரியாது: மாலை வகுப்பு கேள்வி – பதில்

படிப்பில் பின்தங்கிய தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுப்பது பற்றி மதுரை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. தொடக்கக் கல்வியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் பழகியவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

சேடப்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி: பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சாவடியில் 3, 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேருக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். வகுப்பு வாரியாக மூன்று வரிசையாக உட்கார வைத்தால் போதுமா? எந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிப்பது?

வகுப்பு வாரியாக உட்கார வைக்க வேண்டாம். 5-ஆம் வகுப்பில் ஒரு பிள்ளை கதைப் புத்தகம் வாசிக்கும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்தே பிடிபட்டிருக்காது. இரண்டு பேருக்கும் ஒரே பாடம் நடத்தினால் பின்தங்கியவன் அங்கேயும் வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருப்பான். பகலில் பள்ளிக்கூடத்தில் நடந்தது சாயங்காலம் சாவடியில் மறுபடி நடக்கும், அவ்வளவுதான். எந்த வகுப்பு என்பதை மறந்துவிட்டு, எதுவரை வாசிக்கிறது, எதுவரை கணக்குப் போடுகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். பாடம் எங்கே ஆரம்பிக்கும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டுச் சோதியுங்கள். ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். நாளைக்கு ஏழு பேர் என்றால் நாலு நாளில் முடியும். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் படம் வரைய, விளையாட ஏதாவது கொடுத்துத் தள்ளி உட்கார வையுங்கள். காதில் விழும் தூரத்தில் இருந்தால் முன்னால் வாசித்த பிள்ளை சொன்னதை அடுத்தது அப்படியே ஒப்பித்துவிடும்.

சோதனைக்கு ஒரே ஒரு தாள் போதும். 2005 முதல் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் நாடு முழுக்கக் கிராமங்களில் நடத்திவரும் அசர் (ASER) என்ற கற்றல் நிலை ஆய்வில் இந்த முறைதான். தாளில் நாலு பகுதி: பத்து எழுத்து, பத்துச் சொல், நாலு வரிப் பத்தி, எட்டுப் பத்து வரிக் கதை. பத்தி 1-ஆம் வகுப்புத் தரத்திலும் கதை 2-ஆம் வகுப்புத் தரத்திலும் இருக்க வேண்டும். பத்தியை நீங்களே எழுதுங்கள். இப்படி இருக்கலாம்: ‘எங்கள் வீட்டில் ஒரு ஆடு இருக்கிறது. அதன் பெயர் மணி. அது புல் தின்னும். நான் ஆட்டைக் கண்மாய்க்கு ஓட்டிப் போவேன்.’ பாடப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். அந்தப் பாடம் பலருக்கு மனப்பாடம். கண் ஜன்னலைப் பார்க்க, வாய் மட்டும் சரியாகச் சொல்லும். படமும் போடாதீர்கள். படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்துவிடுவார்கள்.

பத்தியிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்று தப்புக்குள், வாக்கியமாகச் சேர்த்து வாசித்தால் கதைக்குப் போங்கள். கதையும் வந்தால் கதை நிலை, வராவிட்டால் பத்தி நிலை. பத்தியில் திணறினால் சொற்களுக்கு இறங்குங்கள். பத்தில் ஏதாவது ஐந்து சொல்லை வாசிக்கச் சொல்லி, நாலு வந்தால் சொல் நிலை. வராவிட்டால் எழுத்து, ஐந்தில் நாலு சொன்னால் எழுத்து நிலை. அதுவும் இல்லையென்றால் தொடக்க நிலை. கணக்கிலும் இதே மாதிரி: 1 முதல் 9 வரை, 11 முதல் 99 வரை எண் அடையாளம், கடன் வாங்கிக் கழித்தல் இரண்டு, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல் ஒன்று. ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு நிலையை மட்டும் குறியுங்கள்.

22 பேரும் பெரும்பாலும் மூன்று கூட்டமாகப் பிரிவார்கள். தமிழில் ஒரு கூட்டம், கணக்கில் வேறு கூட்டம் என்று ஒரே பிள்ளை மாறி உட்காருவதும் சகஜம். 3-ஆம் வகுப்புத் தங்கையும் 5-ஆம் வகுப்பு அண்ணனும் ஒரே கூட்டத்தில் வந்தால் அண்ணனுக்குக் கூச்சமாக இருக்கும். அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் கூட்டத்தை மாற்றலாம்.

கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தாய்: என் மகன் 4-ஆம் வகுப்பு. அ முதல் ன வரை 247 எழுத்தையும் கடகடவென்று சொல்கிறான். ‘பட்டம்’ என்று எழுதிக் காட்டினால் வாசிக்கத் தெரியவில்லை. அடித்துச் சொல்லிக்கொடுத்தும் ஏறவில்லை. ஏன்?

அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், அம்மா. பயந்த பிள்ளைக்குத் தெரிந்த எழுத்தும் மறந்துபோகும்.

உங்கள் மகனுக்குத் தெரிந்திருப்பது எழுத்து இல்லை, வரிசை. க, கா, கி, கீ என்று ராகம் போட்டுச் சொல்லும்போது அடுத்தது தானாக வாயில் வந்துவிடும். அட்டவணையின் நடுவில் ‘தெ’ என்ற எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கையால் மூடிக் கேளுங்கள். ‘த, தா, தி’ என்று முதலிலிருந்து ஓடி வந்துதான் பிடிப்பான். ஓடி வரத் தேவையில்லாமல் பார்த்தவுடன் சொல்ல வேண்டும், வேலை அங்கேதான்.

இன்னொரு தடை, எழுத்துக்குப் பெயர் வைத்துச் சொல்வது. ‘பானா, டானா, இம்மன்னா’ என்று சொல்லிவிட்டுச் சேர்த்து வாசி என்றால் ‘படம்’ எப்படி வரும்? ப, ட, ம் என்று ஒலியை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். முதலில் விட்டு விட்டு, அப்புறம் இழுத்து, அப்புறம் ஒரே மூச்சில்.

எழுத்தைச் சொல்லித்தரும் வரிசையும் அகரவரிசையாக இருக்க வேண்டியதில்லை. ட, ப, ம, ர, க ஐந்தையும், அவற்றின் புள்ளி வைத்த எழுத்துகளையும் முதல் வாரம் எடுங்கள். ‘அ’வை எழுதுவதைவிட ‘ட’வும் ‘ப’வும் கைக்கு எளிது. இதை வைத்தே படம், மரம், மடம், பட்டம், மட்டம், கட்டம், பக்கம் எல்லாம் எழுதிவிடலாம். முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல்லை வாசித்தேன் என்ற எண்ணம் பிள்ளைக்கு வர வேண்டும். அப்புறம்தான் வகுப்புக்குத் தானாக வருவான். அடுத்து ல, வ, ன, த, ச. பிறகு மற்றவை.

அதன் பின் கால் போட்ட எழுத்து: பாடம், காகம், பாரம், பாலம். இங்கே ஒரு குழி இருக்கிறது. அச்சில் காலும் ‘ர’வும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று வாசிக்கும் பிள்ளை கவனமில்லாமல் வாசிக்கவில்லை. அதன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. பரம் – பாரம், கரம் – காரம், மரம் – மாரம் என்று ஜோடியாகப் பலகையில் பெரிதாக எழுதி, ‘ர’வின் கீழே இருக்கும் சாய்வுக் கோட்டை விரலால் தொடச் சொல்லுங்கள். ‘மாரம்’ என்று ஒரு சொல் இல்லை என்பதைப் பிள்ளையே சொல்ல வேண்டும். வாசித்தது தனக்குத் தெரிந்த சொல்தானா என்று யோசிக்க அங்கேயே பழகும்.

அடுத்து கி, கீ வரிசை. அதற்கப்புறம் கொம்பு: கெ, கே, கை. இதில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது மெய்யை. அதனால்தான் ‘தெரு’ என்று எழுதியிருந்தால் சில பிள்ளைகள் கொம்பைப் பார்த்ததும் திகைத்து நிற்பார்கள். கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, இது ஒரே எழுத்து என்று காட்டுங்கள். கொ, கோ வரும்போது இரண்டு பக்கமும் சேர்த்து வட்டம். கௌ வரிசைக்கு அவசரமே இல்லை. கௌதாரி, பௌர்ணமி, மௌனம் போல ஒரு கை விரலுக்குள் அடங்கும் சொற்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கு, கூ வரிசைதான் பெரும்பாலான பிள்ளைகள் கைவிடும் இடம், ஏனென்றால் அங்கே குறி எழுத்துக்குப் பக்கத்தில் நிற்காமல் எழுத்தின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. பதினெட்டையும் மொத்தமாகக் கொடுக்காமல் உருவம் பார்த்துப் பிரியுங்கள். கீழே கோடு இறங்குபவை ஐந்து: ஙு, சு, பு, யு, வு. வளைந்து மேலே ஏறுபவை ஏழு: ஞு, ணு, து, நு, லு, று, னு. உடம்பைச் சுற்றி வளைபவை ஆறு: கு, டு, மு, ரு, ழு, ளு. ஒரு தடவைக்கு ஒரு கூட்டம், அதில் வருகிற நாலு சொல்: பசு, புலி, வாசு, புறா. இது மனதில் நின்றபின் அடுத்த கூட்டம்.

ஒரே ‘க’ கடலில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி, சிங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறதே என்று நீங்கள் விதி தேட வேண்டாம். ‘பகல்’ என்ற சொல் பிள்ளையின் காதில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தைச் சேர்த்து ஏறக்குறையச் சொன்னதும் ‘அப்படி ஒரு சொல் உண்டா, எங்கே கேட்டிருக்கிறாய்?’ என்று கேளுங்கள். சரியான ஒலி தானே வந்து உட்காரும்.

நாளுக்கு இருபது நிமிடம் இந்த வேலை, ஐந்து நிமிடம் அன்றைய சொற்களைச் சொல்வதெழுதல், பத்து நிமிடம் நீங்கள் ஒரு கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுவது. கடைசியில் சொன்னதைத் தவிர்த்துவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பிள்ளை அங்கேதான் பார்க்கிறது.

வாடிப்பட்டியிலிருந்து: பிள்ளைகள் ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று எழுதுகிறார்கள். எத்தனை முறை இம்போசிஷன் கொடுத்தும் மாறவில்லை.

பேசுகிறபடியே எழுதுகிறார்கள். அதாவது ஒலியை எழுத்தாக்கத் தெரிந்துவிட்டது. அது பெரிய முன்னேற்றம், முதலில் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். நம் பக்கத்துப் பேச்சில் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகிவிட்டபோது காது உதவாது, கண்ணைத்தான் பழக்க வேண்டும். நூறு முறை எழுத வைத்தால் கை எழுதும், கண் தூங்கும். ழகரம் வரும் அன்றாடச் சொற்கள் பத்தைப் பொறுக்கி (மழை, பழம், வாழை, கோழி, கிழமை, தமிழ், ஏழு, கீழே, விழா, புழு) தாளில் பெரிதாக எழுதி ஒட்டி, வாரம் முழுக்க அவற்றையே வாசிக்கவும் மறைத்துவிட்டு எழுதவும் சொல்லுங்கள். ண, ன, ந குழப்பத்துக்கும் இதே வழி. ஒன்று: வாசிப்பே வராத பிள்ளையிடம் இந்தத் திருத்தத்தைத் தொடங்கவே வேண்டாம்.

செல்லம்பட்டியிலிருந்து: பெற்றோர் ஹோம்வொர்க்கை முடித்துக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். ஒன்றரை மணி நேரமும் அதிலேயே போய்விடுகிறது.

மாலை வகுப்பு கெட்டுப்போவதற்கு முதல் காரணம் இதுதான். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஹோம்வொர்க் என்றால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டையோ கோனார் மாதிரியான உரைநூலையோ பார்த்துப் படம் வரைவதுபோல எழுத்தை வரைந்து வைப்பது. நோட்டு நிறையும், பிள்ளைக்கு ஒன்றும் சேராது.

நேரத்தைக் கறாராகப் பிரியுங்கள். முதலில் சுண்டல், பெயர் குறிப்பது, கால் மணி. அடுத்து நிலைவாரித் தமிழ் 35 நிமிடம், கணக்கு 25 நிமிடம். கடைசிக் கால் மணி மட்டும் ஹோம்வொர்க். முடிந்தவரை முடியட்டும், மீதி இருந்தால் இருக்கட்டும். ஹோம்வொர்க்கை முன்னால் வைத்தால் மற்றது நடக்காது. பள்ளி ஆசிரியரை நேரில் பார்த்து, ‘இந்த ஆறு பிள்ளைகளும் சொல் நிலையில்தான் இருக்கிறார்கள், கேள்வி–பதில் எழுதுவதற்குப் பதில் நாளைக்கு ஐந்து வாக்கியம் வாசித்து வரட்டுமா?’ என்று கேளுங்கள். பிள்ளையின் நிலையைத் தாளில் காட்டிக் கேட்டால் ஒத்துக்கொள்ளும் ஆசிரியர்களே அதிகம்.

பெற்றோருக்கு வார்த்தையால் விளக்க வேண்டாம். மாதம் ஒரு நாள் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னால் பிள்ளையை ஒரு புதிய பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்த தாய் அப்புறம் நோட்டைக் கேட்க மாட்டார்.

திருமங்கலத்திலிருந்து: பள்ளியிலேயே ‘எண்ணும் எழுத்தும்’ நடக்கிறதே. அதற்கு மேல் நாங்கள் எதற்கு? இரண்டும் இடிக்காதா?

இடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில். கொரோனா காலத்தில் பள்ளி மூடியிருந்த இழப்பை ஈடுகட்ட 2021-இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது, ஊருக்குள்ளேயே இருக்கும் தன்னார்வலர்கள் மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். 2022-இல் 1 முதல் 3 வகுப்புகளுக்கு, அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் பள்ளியிலேயே கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் நீண்டது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் வேறு பெயர் வைக்காமல் அதே பெயர்களைச் சொன்னால் ஆசிரியரோடு பேசுவது எளிது. ‘அரும்பில் நிற்கும் நாலு பிள்ளைகள் யார்?’ என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

நாற்பது நிமிடத்தில் இருபது முப்பது பிள்ளைகளைப் பார்க்கிற ஆசிரியருக்கு ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தினம் ஐந்து நிமிடம் வாசிக்கக் கேட்பது முடியாத காரியம். மாலை வகுப்பு தருகிற பெரிய பலனே அந்த ஐந்து நிமிடம்தான். ஆகவே பள்ளிப் பாடத்தை முன்கூட்டியே நடத்துவது, அடுத்த பாடத்துக்கு ஓடுவது இதெல்லாம் உங்கள் வேலை இல்லை.

பேரையூரிலிருந்து: 5-ஆம் வகுப்புப் பிள்ளை 52-இலிருந்து 27-ஐக் கழித்தால் 35 என்கிறது. கடன் வாங்கச் சொல்லிக்கொடுத்தாலும் மறுநாள் மறந்துவிடுகிறது. ‘நூற்று ஐந்து’ எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிறது.

இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றுதான்: 52 என்பதில் உள்ள 5, ஐந்து இல்லை, ஐந்து பத்து என்பது பிள்ளைக்குத் தெரியவில்லை. அதனால் 7-இலிருந்து 2 போனால் 5, 5-இலிருந்து 2 போனால் 3 என்று பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறது. அதன் கணக்கில் அது நியாயம். ‘பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு’ என்று சொல்லிப் பழக்கினால் எதை வாங்கினோம், ஒன்று எப்படிப் பத்தானது என்று புரியாமல் கைமட்டும் அடித்து எழுதும், மறுநாள் மறக்கும்.

ஈர்க்குச்சி எடுங்கள். இரண்டு பிள்ளைக்கு நூறு குச்சி, விரல் நீளத்துக்கு ஒரே அளவாக நறுக்கியது, பத்து ரப்பர் பேண்டு. புளியங்கொட்டை எண்ணுவதற்கு நல்லது, ஆனால் இதற்கு உதவாது; கட்டுப் போட முடியாதே. முதல் இரண்டு நாள் எண்ணிக் கட்டுவது மட்டும்: பத்துக் குச்சி ஒரு கட்டு. பிள்ளையே எண்ணிக் கட்ட வேண்டும், நீங்கள் கட்டிக் கொடுத்தால் பயனில்லை.

பிறகு 52 வையுங்கள்: ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இருபத்தேழைக் கொடு என்று கையை நீட்டுங்கள். ஏழு உதிரி கேட்டால் இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று பிள்ளை யோசிக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழைக் கொடுத்தால் ஐந்து மீதி. இரண்டு கட்டைக் கொடுத்தால் இரண்டு மீதி. இருபத்தைந்து. ரப்பர் பேண்டை அவிழ்த்த அந்தக் கை, கடன் என்பது என்ன என்று கற்றுக்கொண்டுவிட்டது. ஒரு வாரம் குச்சியிலேயே செய்யட்டும். அடுத்த வாரம் கட்டுக்குப் பதில் நோட்டில் ஒரு கோடு, உதிரிக்குப் பதில் ஒரு புள்ளி போட்டு அடித்துச் செய்யட்டும். மூன்றாம் வாரம்தான் வெறும் எண். அவசரப்பட்டு முதல் நாளே குச்சியையும் எண்ணையும் பக்கம் பக்கமாக வைத்தால் பிள்ளை குச்சியைத் தொடாமல் பழைய வழியில் எண்ணையே போட்டுவிடும். 302-இலிருந்து 148 போல நடுவில் பூஜ்யம் வரும் கழித்தல், இவையெல்லாம் மனதில் நின்றபின். அங்கே பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டிய பெரிய கட்டை முதலில் அவிழ்க்க வேண்டும்.

1005-க்கு வருவோம். ‘நூற்று’ என்றதும் 100 எழுதி, ‘ஐந்து’ என்றதும் 5 எழுதியிருக்கிறது. கேட்டதைக் கேட்டபடி எழுதிய பிள்ளை. அட்டையில் மூன்று வித அகலத்தில் சீட்டுகள் செய்யுங்கள்: 100, 200 என்று மூன்று கட்ட அகலத்தில், 10, 20 என்று இரண்டு கட்ட அகலத்தில், 1 முதல் 9 வரை ஒரு கட்டத்தில். 100 சீட்டின் மேல் வலது ஓரத்தில் 5 சீட்டைப் பொருத்தினால் 105 தெரியும். தூக்கினால் அடியில் பூஜ்யம் இருக்கும்.

தமிழ் எண்ணுப்பெயரில் இன்னொரு தொந்தரவு உண்டு. தொண்ணூறு என்பது 90. ஆனால் காதுக்கு நூறு கேட்கிறது. தொள்ளாயிரம் 900, காதுக்கு ஆயிரம் கேட்கிறது. எண்பது, எண்ணூறும் குழப்பும். 80, 90, 800, 900 நாலையும் தனியாக எடுத்து, குச்சிக்கட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அதையே சொல்லிப் பழக்குங்கள்.

வாய்ப்பாடு 2, 5, 10 முதலில். பிறகு 4, 3, 6. 7-ஐ மட்டும் கடைசியில் வையுங்கள். ஒப்பிப்பதற்கு முன்னால் நாலு வரிசை, வரிசைக்கு மூன்று கொட்டை என்று அடுக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

அலங்காநல்லூரிலிருந்து: இருபது பிள்ளைகளுக்கு என்னென்ன சாமான் வேண்டும்? தின்ன ஏதாவது கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மதியம் சத்துணவு இருக்கிறது. ஆனால் மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்து மணிக்குப் பசிக்கும். பசித்த பிள்ளை எழுத்தைப் பார்க்காது. இருபது பேருக்கு அரைக் கிலோ கொண்டைக்கடலையோ தட்டாம்பயறோ போதும், தலைக்கு 25 கிராம். முந்தின இரவே ஊறப்போட வேண்டும். ஊறாமல் வேகவைத்தால் வயிறு உப்பும். பிஸ்கட் பாக்கெட் வேண்டாம். வகுப்பு முடிவில் கொடுத்தால் அதற்காகவே காத்திருப்பார்கள், ஆரம்பத்திலேயே கொடுங்கள். குடிதண்ணீர்க் குடமும் இரண்டு டம்ளரும் அவசியம்.

சாமான்: பிள்ளைக்கு ஒரு சிலேட்டு (நோட்டில் எழுதி அடித்துத் திருத்தும் பயம் சிலேட்டில் இல்லை), நாலு கோடு நோட்டும் கட்டம் போட்ட நோட்டும் ஒவ்வொன்று, கூட்டத்துக்கு ஒரு செட் எழுத்து அட்டை, ஈர்க்குச்சி, பாய், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் குறைந்தது முப்பது. இரண்டு எல்இடி பல்பு. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். டேப்லெட், புரொஜெக்டர் தர யாராவது முன்வந்தால், அந்தப் பணத்துக்குக் கதைப் புத்தகம் கேளுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: ஆரம்பத்தில் 25 பேர் வந்தார்கள். இப்போது 9 பேர். எப்படிப் பிடித்து வைப்பது?

யார் நின்றார்கள், எந்தக் கிழமை நின்றார்கள் என்று வருகைப் பதிவை எடுத்துப் பாருங்கள். காரணம் அதில் இருக்கும். பூ எடுக்கிற வீட்டுப் பிள்ளை விடியுமுன்னே எழுந்திருக்கும். ஆறரைக்கு மேல் கண் சொக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு வாசிப்பை முதலில் முடித்துவிட்டு ஆறேகாலுக்கு அனுப்புங்கள். ஆடு, மாடு கட்ட வேண்டிய பிள்ளை கால் மணி தாமதித்து வந்தால் திட்டாதீர்கள். தை மாதம் ஜல்லிக்கட்டு நாட்களிலும் ஊர்க் கொடை நாட்களிலும் நீங்களே விடுமுறை விடுங்கள். யாரும் வராத வகுப்பை நடத்தினால் ‘வராமல் இருந்தாலும் ஒன்றுமில்லை’ என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தாய் தகப்பன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை பாட்டி வீட்டிலிருக்கும். அந்தப் பாட்டியை ஒரு முறை போய்ப் பாருங்கள்.

வயது பெரிய பிள்ளைகள் நிற்பதற்கு வேறு காரணம் உண்டு. ‘அ, ஆ வகுப்பு’ என்று தெருவில் கேலி செய்வார்கள். வகுப்புக்கு ‘மக்குப் பிள்ளைகள் டியூஷன்’ என்ற பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் மீட்பது கஷ்டம். நன்றாகப் படிக்கிற நாலைந்து பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பைக் கொடுங்கள்.

பெண் பிள்ளைகள் தனியாக இருட்டில் நடந்து போகக் கூடாது. தெருவாரியாகச் சேர்த்து அனுப்புங்கள். இடம் எல்லோர் கண்ணிலும் படும் சாவடி, சமுதாயக்கூடம், பள்ளி வராந்தாவாக இருக்கட்டும். கதவைச் சாத்துகிற தனி வீடு வேண்டாம். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பிள்ளை ஏதாவது தொந்தரவைச் சொன்னால் விசாரணை நடத்திக்கொண்டிருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். பாலியல் தொந்தரவாக இருந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம்.

மேலூரிலிருந்து: அரசுப் பள்ளி ஆசிரியர் நான். என் வகுப்புப் பிள்ளைகளுக்கே மாலையில் கட்டணம் வாங்கி எடுக்கலாமா?

கூடாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. ஊர்த் தன்னார்வலருக்கு வழிகாட்டுங்கள், மாதம் ஒரு முறை அவரது நோட்டைப் பாருங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி ஒரு அறையைத் திறந்துவிடச் செய்யுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கள்ளிக்குடியிலிருந்து: தமிழே வேண்டாம், இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள்.

வீட்டில் பேசும் மொழியிலேயே எழுத்தை ஒலியாக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அது இரட்டைச் சுமை. தமிழில் பத்தி நிலை வரட்டும். அதுவரை ஆங்கிலத்தை வாய்மொழியாக மட்டும், நாளைக்குப் பத்து நிமிடம், பாட்டும் பொருள்களின் பெயருமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டி. கல்லுப்பட்டியிலிருந்து: எல்லாப் பிள்ளைகளும் நாலு மாதத்தில் முன்னேறிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் இன்னும் எழுத்திலேயே நிற்கிறான். புத்திசாலி, கணக்கை வாயால் சொன்னால் போட்டுவிடுகிறான். நாங்கள் என்ன தப்புச் செய்கிறோம்?

உங்கள் தப்பாக இல்லாமல் இருக்கலாம். முதலில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, கண். கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்க்கிறானா, புத்தகத்தை மூக்குக்கிட்டே வைக்கிறானா, முன்னால் உட்கார வைத்தால் மாற்றம் தெரிகிறதா. இரண்டு, காது. சளி பிடித்துக் காதில் சீழ் வடிந்த பிள்ளைகள் ண, ன, ல, ள வித்தியாசம் மட்டுமல்ல, முழுச் சொல்லையே தப்பாகக் கேட்பார்கள். முதுகுப்பக்கம் நின்று மெல்லிய குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டும் சரியாக இருந்து, வருகையும் ஒழுங்காக இருந்து, அப்படியும் நேற்று வாசித்த ‘படம்’ இன்று புதிதாகத் தெரிகிறது, எழுத்தைத் திருப்பிப் போடுகிறான், பார்த்து எழுதும்போதே சொல்லைத் தவறவிடுகிறான் என்றால், புத்தி நன்றாக இருந்தும் வாசிப்போ எழுத்தோ மட்டும் வராமல் போகும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 21 வகைகளில் இதுவும் ஒன்று. இதை நீங்களோ நாங்களோ முடிவு செய்யக் கூடாது. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லவும் கூடாது. வகுப்பில் அவனுக்கு எழுத்தை மணலில் விரலால் எழுத வைப்பது, நாளைக்கு இரண்டே எழுத்து, முந்தின நாள் எழுத்தோடு சேர்த்துத் தினமும் திரும்ப, எழுதுவதற்குப் பதிலாக வாயால் விடை சொல்ல விடுவது என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சோதித்துச் சொல்ல வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் மூலம் போனால் பள்ளிக்கே வந்து பார்ப்பார்கள். மேற்கொண்டு தேவைப்பட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சான்று கிடைத்தால் பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. கூட்டிப் போகிற அன்று நீங்கள் முதல் வாரம் எடுத்த சோதனைத் தாள், அவனுடைய சிலேட்டுப் பயிற்சியைப் பார்த்து எழுதிய குறிப்பு, நாலு மாத வருகைப் பதிவு மூன்றையும் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள். சோதிக்கிறவர் முதலில் கேட்பது அவைதான்.